மார்கழி வெயிலும் மணமக்கள் படமும்

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்த நாளுக்கும் இடையில் வரும் வாரங்கள் முன்பெல்லாம் பத்திரிகை அச்சிடுவதிலும் பட்டு எடுப்பதிலும் சத்திரம் பேசுவதிலும் கழிந்தன. இப்போது அவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மணமக்கள் இருவரும் ஒரு புகைப்படக் கலைஞரோடு தோட்டத்துக்கோ, பழைய கோட்டைக்கோ, ஆற்றங்கரைக்கோ, மலைக்கோ சென்று ஒரு நாள் முழுவதும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ப்ரீ வெட்டிங் ஷூட்’ என்ற பெயர் இன்று பாட்டிமார் வாயிலும் புழங்குகிறது. வட இந்தியாவில் இதற்கென்று ஒரு பருவமே உண்டு. நவம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முடியும் வரை நீளும் குளிர்காலம்தான் அது. தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் சண்டிகரிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் விமானமேறிப் பனிக்காகக் காஷ்மீர் செல்வோரும் பெருகிவருகிறார்கள்.

இந்த வழக்கம் தேவையா என்ற கேள்வி பல வீடுகளில் சச்சரவாகவே எழுகிறது. போபாலில் சில சமூக அமைப்புகள் 2019-ஆம் ஆண்டில் தங்கள் சமூகத்தினர் இத்தகைய படப்பிடிப்பு நடத்தக் கூடாதென்று தீர்மானம் செய்தன. தாலி ஏறுமுன் இருவரும் தோள் உரசி நிற்கும் படத்தை மண்டபத்துத் திரையில் ஊரார் பார்ப்பது முறையன்று என்பது அவர்களது வாதம். செலவும் ஒரு காரணம். முதல் காரணத்தில் நமக்கு உடன்பாடில்லை. இரண்டாவதை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் தடை விதிப்பது இதற்கு மருந்தாகாது என்பதே நம் கருத்து.

ஏன் என்று சொல்லவேண்டும். பெரியோர் பார்த்து முடிக்கும் திருமணங்களில் மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. பெண் பார்க்கும் நாளன்று சொஜ்ஜி, பஜ்ஜிக்கு நடுவே பத்து நிமிடம், நிச்சயதார்த்தத்தன்று உறவினர் கூட்டத்தில் அரை நிமிடம், மற்றதெல்லாம் தொலைபேசி. அப்படியிருக்க, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளிரில் நடுங்கி, பசியோடு, யாரோ ஒருவர் ‘இன்னும் ஒரு முறை திரும்புங்கள்’ என்று இருபதாம் தடவை சொல்லும்போது அருகில் நிற்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதைவிடப் பயனுள்ள அறிமுகம் வேறில்லை. விளக்குப் பிடிக்கும் பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார், தேநீர் வந்தால் முதலில் யாருக்கு நீட்டுகிறார் என்பதெல்லாம் எந்த ஜாதகத்திலும் எழுதியிருப்பதில்லை. படங்கள் சுமாராக வந்தாலும் அந்த நாள் வீணாவதில்லை.

ஆகவே படப்பிடிப்பு இருக்கட்டும். அது எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் என்பதில்தான் நம் வாசகர்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

குளிர்காலத்தை ஒளிப்படக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் வெறும் கவர்ச்சியன்று. அது வானத்தின் கணக்கு. டிசம்பர் பிற்பாதியில் தில்லியின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஜூன் மாத நண்பகலிலோ அதே சூரியன் 85 பாகையில், உச்சந்தலைக்கு நேராக நிற்கும். உச்சி வெயிலில் கண்குழியும் மூக்கின் அடியும் கறுத்து, அழகான முகமும் களைத்த முகமாகத் தெரியும். குளிர்காலத்துச் சாய்ந்த ஒளியோ முகத்தின் பக்கவாட்டில் விழுந்து, கன்னத்தின் வளைவையும் பட்டின் ஜரிகையையும் துலக்கிக் காட்டும். கோடையில் காலையும் மாலையும் சேர்ந்து இரண்டு மணி நேரம் கிடைக்கும் நல்ல ஒளி, இப்பருவத்தில் பகலின் பெரும்பகுதிக்கும் நீள்கிறது. சென்னையில்கூட டிசம்பர் நண்பகலில் சூரியன் 54 பாகை அளவிலேயே நிற்கிறது. எனவே இந்த நன்மை ஓரளவு நமக்கும் உண்டு.

இதற்கு ஈடாகப் பகல் சுருங்கிவிடுகிறது. தில்லியில் அந்நாட்களில் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே எழுந்து, மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடும். மொத்தம் பத்தேகால் மணி நேரப் பகல். அதில் காலை வேளையைப் பனிமூட்டம் எடுத்துக்கொள்ளும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதையொட்டிய ஈரக்காற்று நுண்துளிகளாக மாறுவதால் எழுவது இது. கங்கைச் சமவெளி முழுவதும் டிசம்பரிலும் ஜனவரியிலும் படர்ந்து கிடக்கும். 200 மீட்டருக்கு அப்பால் பொருள் தெரியாவிட்டால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குள் பார்வை சுருங்கினால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் வானிலைத் துறை வகுக்கிறது. இளம் மூடுபனி ஒளிப்படத்துக்கு வரம். மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி மறைய, இருவர் மட்டும் தெளிவாக நிற்கும் படம் வேறெந்தப் பருவத்திலும் கிடைக்காது. ஆனால் அடர்பனியில் கேமராவுக்கே எதன்மேல் குவிவதென்று தெரியாமல் தடுமாற்றம் வரும். முந்தைய நாள் மாலை வானிலை அறிக்கையைப் பார்க்காமல் விடியற்காலைப் படப்பிடிப்புக்கு நாள் குறிப்பவர் பாதிப் பணத்தைப் பனியில் விட்டவர்தாம்.

பனிமூட்டத்தையும் புகைமூட்டத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே அழகாகத் தெரியலாம், நுரையீரலுக்கு அப்படியில்லை. காற்றுத் தரக் குறியீடு 400-ஐக் கடந்தால் ‘கடுமை’ என்ற வகை. அந்த நாளில் ஆறு மணி நேரம் முகமூடியின்றி வெளியில் நிற்பது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டுமன்று, எவருக்குமே ஆகாது. ஒப்பந்தம் பேசும்போதே காற்று மோசமானால் நாளை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

தில்லியில் இந்தப் பருவத்துக்கே உரிய ஓரிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். காஷ்மீரி கேட் அருகே, நிகம்போத் சுடுகாட்டை ஒட்டி யமுனைக் கரையில் ஒரு படித்துறை இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கருந்தலைக் கடற்காகங்கள் வடக்கிலிருந்து வலசை வந்து கூட்டங்கூட்டமாக நீரில் இறங்கும். பொழுது விடியும் நேரத்தில் படகுக்காரர் ஒருவித ஒலியெழுப்பி ஓமப்பொடி போன்ற தீனியை எறிவார். நூற்றுக்கணக்கான வெள்ளைச் சிறகுகள் ஒருசேரப் படகைச் சூழும். நடுவில் மணமக்கள். பின்னால் பனியில் கரைந்த பாலம். இந்தப் படத்துக்காக ஒரே காலையில் பல ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் தமிழ்ப் பேச்சும் இடையிடையே காதில் விழும். நகரின் மிகப் பழைய சுடுகாட்டின் புகை ஒரு புறம், சிவப்பு லெஹங்காவில் மணப்பெண் மறுபுறம். இதை அபசகுனம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். படகுக்காரரோ இரண்டு தரப்பையும் ஒரே துடுப்பால் கடத்திவிடுகிறார்.

அவ்விடத்தின் சிறப்பு அதன் எளிமையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, அரங்க அமைப்பு இல்லை, புகை எந்திரம் இல்லை. படகு வாடகையும் விடியலும்தான் முதலீடு. நம் ஆட்சேபம் ஒன்றுதான்: எண்ணெயில் பொரித்த உப்புத் தீனி அந்தப் பறவைகளுக்கு உணவன்று. தீனி எறியாமலே பொறுத்திருந்தால் பறவைகள் தாமாக எழும். அந்தப் படம் இன்னும் நன்றாக இருக்கும். கூடவே, யமுனையின் நீர் கைவைக்கத் தகுந்ததன்று. புடவைத் தலைப்பை நீரில் அலையவிடச் சொல்லும் கலைஞரிடம் மறுத்துவிடலாம்.

நினைவுச் சின்னங்கள் வேறு கதை. லோதி தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சையது, லோதி வம்சத்தாரின் கல்லறைகளைச் சுற்றியிருந்த ஊரை அகற்றி 1936-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அப்போது அதன் பெயர் லேடி வில்லிங்டன் பூங்கா. இன்று குளிர்காலக் காலையில் அங்கே நடைப்பயிற்சி செய்வோரைவிட மணமக்கள் அதிகமோ என்று தோன்றும். தோட்டத்தைப் பராமரிப்பது புது தில்லி மாநகராட்சி மன்றம்; உள்ளே இருக்கும் கல்லறைகளோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இப்படி ஒரே இடத்தில் இரு அதிகாரம் இருக்கும்போது ஓரிடத்தில் வாங்கிய அனுமதி மற்றோரிடத்தில் செல்லாது. கையில் பிடிக்கும் கேமராவுக்குச் சிக்கல் குறைவு. முக்காலி, விளக்கு, ஒளி எதிரொளிப்பான், உடை மாற்றும் கூடாரம் என்று வந்துவிட்டால் முன் அனுமதியும் கட்டணமும் தேவை. தாஜ்மகாலில் முக்காலியோடு நுழையவே முடியாது. வெள்ளிக்கிழமை அது திறப்பதுமில்லை. ‘அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் ஸ்டூடியோவிடம் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வாயிற்காவலரின் கையில் எதையோ திணித்து நுழைவதே அவர்களது அனுமதி என்றால், அலங்காரத்தோடு பாதியில் வெளியேற்றப்படப் போவது மணமக்கள்தாம்.

ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து எடுக்கும் படத்துக்கும் இதே எச்சரிக்கை. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவரிடம் அதற்கான சான்றிதழ் இருக்கவேண்டும். திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை காவல் நிலையத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

இனி உடை. இங்கே நாம் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறோம். குளிர்காலப் படங்களின் தொகுப்பு எதையாவது புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை கம்பளிக் கோட்டு, கழுத்துவரை ஸ்வெட்டர், தோல் காலணி, சில சமயம் கையுறையும் அணிந்து நிற்பார். அவர் அருகில் மணப்பெண் கையில்லாத மெல்லிய கவுனில், பனிமேல் வெறும் செருப்போடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். உறைநிலைக்குக் கீழே இருக்கும் குளிர் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிந்து அடிப்பதில்லை. விரல் நுனி மரத்து, உதடு நீலம் பாரித்து, ‘இன்னும் இரண்டே படம்’ என்ற குரலுக்குத் தலையாட்டும் அந்தப் பெண், புகுந்த வீட்டார் முன்னிலையில் முதல் முறையாக நிற்கிறாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. அதனால் அந்தச் சொல்லை அவளுக்காக மாப்பிள்ளைதான் சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் அதையும் அவள் கவனித்துக்கொள்ளட்டும்.

உள்ளே அணியும் மெல்லிய தெர்மல் ஆடை படத்தில் தெரியாது. காஞ்சிப் பட்டின் கனமே ஓரளவு குளிரைத் தாங்கும்; முழுக்கை ரவிக்கை மீண்டும் நாகரிகமாகிவிட்டது. காஷ்மீரத்துப் பஷ்மினா சால்வையும், ஹிமாசலத்துக் குலு சால்வையும் குளிருக்காகவே பிறந்தவை. கவுனைவிடப் படத்துக்கு அவை எவ்வளவோ பொருத்தம். உடையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே ஒரு பெண் ஒளிப்படக் கலைஞரோ பெண் உதவியாளரோ உடன் இருக்கும்படி கேட்பதும் நல்லது. இதில் புதுமை ஏதுமில்லை. ராஜா தீன் தயாள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹைதராபாத்தில் பெண்களைப் பெண்ணே படமெடுக்கும் தனி ஸ்டூடியோவை நடத்தியவர்.

பனிமலையைப் பற்றி ஒரு வார்த்தை. குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி இரண்டாம் கட்டத்தில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. முந்தைய நாள் கடலோரச் சென்னையில் உறங்கியவர் மறுநாள் அந்த உயரத்தில் ஓடியாடிப் படமெடுத்தால் தலைச்சுற்றலும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை. மணாலிக்கு அப்பால், 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து சிஸ்ஸுவுக்குச் செல்வது இப்போது எளிதாகியிருக்கிறது. ஆனால் புதுப்பனி விழுந்த நாளில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பனி என்பது பதிவு செய்து வாங்கும் பண்டமன்று. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் வாரக்கணக்கில் பழுப்புப் புல்லாகவே கிடந்தன. மாத இறுதியில்தான் பனி பெய்தது. அதற்கு முன்னதாக விமானச்சீட்டும் விடுதியும் பேசி வைத்தவர்கள் வெண்பனிக்குக் கொடுத்த விலையில் காய்ந்த புல்லைத்தான் படம் எடுத்திருப்பார்கள்.

பனியில் படம் எடுப்பதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். கேமராவின் ஒளியளவி எதிரிலிருப்பதைச் சராசரிச் சாம்பல் நிறமென்று எண்ணிக் கணக்கிடுவதால், திருத்தம் செய்யாவிட்டால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகவும் முகங்கள் இருண்டும் வரும். குளிரில் மின்கலம் விரைவில் வடிந்துவிடும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் லென்ஸில் நீர் பூக்கும்; பையை மூடியபடியே சற்றுநேரம் வைத்தால் தப்பலாம். நீங்கள் பேசும் கலைஞர் இதற்கு முன் பனியில் எடுத்த முழுத் தொகுப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பத்துத் திருமணங்களிலிருந்து பொறுக்கிய பத்துப் படங்கள் அவரது கைவண்ணத்தைச் சொல்லமாட்டா.

உயிரைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியவில்லை. 2020 நவம்பரில், கர்நாடகத்தின் தலக்காட்டில், சில நாட்களில் மணமேடை ஏறவிருந்த இருவர் படத்துக்காகக் காவிரியில் ஒரு சிறு படகில் சென்று நீரில் விழுந்து மாண்டார்கள். நனைந்த பட்டும் நகையும் எவ்வளவு கனம் என்பதைக் கரையில் நிற்பவர்கள் உணர்வதில்லை. குளிர்ந்த நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சுத் திணறி வாய் திறந்துகொள்ளும். நீச்சல் தெரிந்தவரும் முதல் நிமிடத்தில் தடுமாறுவார். உயிர்காப்பு உடை படத்தைக் கெடுக்கும் என்று சொல்பவரோடு நீர்நிலைக்குச் செல்லவே வேண்டாம். பாறை விளிம்பு, இருப்புப்பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இருப்புப்பாதையில் நிற்பது சட்டப்படி குற்றமும்கூட.

இப்போது வங்கியின் இதழுக்குரிய விஷயத்துக்கு வருவோம். இதற்கு எவ்வளவு செலவிடலாம்? அருகிலுள்ள தோட்டத்தில் அரை நாள், ஒரு கலைஞர், ஒரு உதவியாளர், இரண்டு உடை என்றால் பெரும்பாலான குடும்பங்கள் மாத வரவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். பனிமலைக்கு ஐந்தாறு பேர் கொண்ட குழுவோடு புறப்பட்டால் கலைஞரின் கட்டணத்தைவிட அக்குழுவின் பயணமும் தங்குதலுமே மிஞ்சும். அவையெல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். மதிப்பீட்டில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒளிப்படச் சேவைக்கு அது 18 விழுக்காடு. ஒரு லட்சம் என்று பேசியது 1,18,000 ஆகிவிடும்.

கடன் வாங்கி இதைச் செய்யலாமா? கடன் கொடுக்கும் நிறுவனத்தின் இதழிலேயே ‘வேண்டாம்’ என்று எழுதுவது விந்தையாகப் படலாம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடனாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,980 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது 1,79,000-க்குச் சற்று மேல். வட்டி மட்டும் 29,000 ரூபாயைத் தாண்டுகிறது. முதல் குழந்தைக்குக் காது குத்தும் நாளிலும் ஒரு காலைப்பொழுதுப் படத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். மாறாக, பெண் பார்க்கத் தொடங்கும்போதே மாதம் பத்தாயிரம் ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், 6.5 விழுக்காடு வட்டியில் பன்னிரண்டு மாதத்தில் போட்ட பணத்தோடு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் சேர்ந்து கைக்கு வரும். வீட்டுக்கோ கல்விக்கோ கடன் வாங்குவது வேறு; அங்கே கடன் தீர்ந்தபின் கையில் ஒன்று நிற்கிறது.

யார் செலவு செய்வது என்பதும் பேசித் தீர்க்கவேண்டிய ஒன்று. பல வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் விருப்பம் தெரிவிக்க, பெண்ணின் தந்தை வாய் திறவாமல் சேமிப்பை உடைக்கிறார். சீர் வரிசைப் பட்டியலில் இது ஒரு புதிய வரியாக ஏறிவிட்டதை நாம் வருத்தத்தோடு கவனிக்கிறோம். படம் இருவருக்கும் என்றால் செலவும் இருவருக்கும்தான்; அதுவும், சம்பாதிக்கும் மணமக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பாதிப் பாதியாகப் போட்டால் பெற்றோரிடம் கேட்கும் பேச்சே எழாது. அப்படிப் போடும்போது ஆசைகள் தாமாகவே அளவுக்கு வந்துவிடுவதையும் காணலாம்.

சிக்கனத்துக்கு ஒரு வழியைப் பஞ்சாங்கமே காட்டுகிறது. நமக்கு மார்கழியில் திருமணம் இல்லை. வடக்கிலும் சூரியன் தனுசு ராசியில் இருக்கும் அதே மாதத்தைக் ‘கர்மாஸ்’ என்று சொல்லி மணவினைகளை நிறுத்திவைக்கிறார்கள். டிசம்பர் நடு முதல் சங்கராந்தி வரை ஏறக்குறைய நாடு முழுவதும் மேளம் ஓய்ந்திருக்கும். மேளம் ஓய்ந்தால் கேமராவும் ஓயும். நல்ல கலைஞர்களுக்குக் கையில் வேலை குறைந்திருக்கும் மாதம் அது. சாய்ந்த வெயிலும் இளம் பனியும் மிகச் சிறந்திருக்கும் மாதமும் அதுவே. தை, மாசியில் முகூர்த்தம் குறித்தவர்கள் மார்கழியில் படப்பிடிப்பை வைத்துக்கொண்டால் பேரத்துக்கு இடமுண்டு. மார்கழியில் சுப காரியம் கூடாதென்று தயங்குவோருக்கு, படம் எடுத்துக்கொள்வது சடங்கில் சேராது என்று நினைவூட்டலாம்.

பணம் செலுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். சமூக ஊடகத்தில் அழகான படங்களைக் கண்டு, முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவது நடக்கக்கூடியதே. அப்படங்களே வேறொருவருடையவையாக இருக்கலாம். நேரிலோ காணொலி அழைப்பிலோ பேசி, எழுத்தில் மதிப்பீடு பெற்று, ரசீது கிடைக்கும் வழியில் மட்டும் செலுத்துங்கள். ‘முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் பறிபோனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். சொன்னபடி படம் தராமல் இழுத்தடிக்கும் ஸ்டூடியோவின் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணமும் இல்லை.

கடைசியாக, பலரும் படிக்காமல் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாள். எத்தனை மணி நேரம், எத்தனை திருத்திய படங்கள், எந்தத் தேதிக்குள், மழையோ பனியோ புகையோ வந்தால் மாற்று நாள் உண்டா என்பவை அதில் இருக்கவேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று அதன் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே. அந்த ‘வேறு உடன்பாடு’தான் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது: உரிமை ஸ்டூடியோவுக்கே, விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. நிச்சயித்த திருமணங்கள் நின்றுபோவதும் உலகில் உண்டு. அப்படி நேர்ந்தால், வேறொருவரை மணந்து வாழும் பெண்ணின் படம் ஐந்தாண்டுக்குப் பின்னும் ஒரு ஸ்டூடியோவின் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். அதை நீக்கச் சொல்ல அவளிடம் எந்தத் தாளும் இருக்காது. ஆகவே அந்த வரியை அடித்து, இருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எந்தப் படமும் வெளியிடப்படாது என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்டூடியோ மறுத்தால், விளம்பரத்துக்கு முகம் தருபவர் என்ற முறையில் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.